எதையும் மூழ்கடிக்காத படகு

எங்கள் நீர்மூழ்கிப் படகின் சேவை வரலாற்றை எழுத ஒரு அஞ்சலட்டையின் பின்பக்கம் போதும். ஜெர்மனியில் கீல் துறைமுகத்தில் கட்டினார்கள், பிரான்சுக்கு அனுப்பினார்கள், ஆறு முறை அட்லாண்டிக் போனோம், ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. மற்ற படகுகள் துறைமுகம் திரும்பும்போது, மூழ்கடித்த கப்பலுக்கு ஒரு கொடி என்று தோரணம் கட்டிக்கொண்டு வரும். எங்கள் கம்பியில் காலுறைகள் காயும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், உயிரோடு வந்தோமே!

மூழ்கப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் நாங்களேதான்.

1944 ஆகஸ்ட். அமெரிக்கர்கள் பிரான்சில் எங்கள் தளமான லோரியாங் நகரத்தின் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நார்வேக்குப் போங்கள், அங்கிருந்து ஊருக்கு விடுப்பு என்று உத்தரவு. ஊரில் என்ன இருக்கிறது? இடிந்த வீடும் கிழங்கு சூப்பும். வெறுங்கையோடு போக யாருக்கு மனசு வரும்?

அதற்குக் குறுக்கே நின்றவர் தலைமைப் பொறியாளர் வில்கென். நீருக்கடியில் படகு சாயாமல் நிற்க, எந்த மூலையில் என்ன எடை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சமையல்காரன் முன்னறையிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கை எடுத்தால்கூட அவரிடம் சொல்ல வேண்டும். ஈடாக அங்கே தண்ணீரை ஏற்றுவார். கிளம்பும் முன் எங்களை நிற்கவைத்துக் கேட்டார்.

"கணக்குல வராத சாமான் ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடுங்க, திட்ட மாட்டேன்."

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா!"

எனக்கும் டார்ப்பிடோக்காரன் எக்கெர்ட்டுக்கும் ஒரே படுக்கை. ஒருவன் எழுந்தால் மற்றவன் படுப்பான். அன்று அவன் என் காதில் கிசுகிசுத்தான்.

"முன்னறைத் தரைக்கு அடியில ஒரு மூட்டை காப்பிக்கொட்டை வச்சிருக்கேன்டா. எங்கம்மா காப்பி வாசனையே மறந்துட்டாங்க. ஒரு மூட்டை என்ன கனத்துடப் போவுது?"

என் சோப்புப் பெட்டியும் பிராந்தியும் அங்கேதான் இருந்தன. நானா அவனுக்குப் புத்தி சொல்வேன்?

அதன்பின் யாருக்கும் தூக்கம் சரியாக இல்லை. விமானச் சத்தம் கேட்டதுபோலிருக்கும், கேட்டிருக்காது. வில்கென் கூண்டுப் புலி மாதிரி முன்னும் பின்னும் நடந்தார்.

"படகு மூக்கு கனக்குது. என்னமோ சரியில்ல" என்று ஓயாமல் முணுமுணுத்தார். தண்ணீரைப் பின்னால் மாற்றினார், மறுபடி கணக்குப் போட்டார். தளபதிக்கு இருபத்து நான்கு வயதுதான். ஆனாலும் எங்களுக்கு அவர் 'பெரியவர்'.

"உங்க கணக்குல கோளாறு, வில்கென்" என்றார் பெரியவர், எல்லோர் முன்னாலும். வில்கெனின் காது சிவந்தது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

மறுநாள் அந்தியில் மின்கலத்துக்கு மின்னேற்ற மேலே வந்தோம். விமானம்! அவசரமாக மூழ்கும்போது, மூக்கு சீக்கிரம் இறங்கட்டும் என்று வேலையில்லாதவர்கள் எல்லோரும் முன்னறைக்கு ஓடுவது எங்கள் வழக்கம். ஓடினார்கள். மூக்கு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. படகின் மூக்கை ஏற்றி இறக்கும் முன்பக்க ஆழச்சுக்கான் என் கையில். மேலே திருப்பித் திருப்பிப் பார்த்தும் படகு கேட்கவில்லை. தட்டுகள் பறந்தன, இரும்பு முனகியது, ஆழமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அப்போது நான் கும்பிடாத சாமி இல்லை.

"முன்னால தண்ணிய வெளியேத்து!" என்று வில்கென் கத்தினார்.

"பம்ப் இழுக்கலீங்க ஐயா! என்னமோ அடைச்சிருக்கு!"

"எல்லாரும் பின்னால! ஓடுங்கடா!"

சரிவில் கைகால் ஊன்றி ஏறினார்கள். வில்கென் தொட்டிகளில் காற்றை ஊதித் தண்ணீரை வெளியே தள்ளினார். படகு ஒரு நடுங்கு நடுங்கி நின்றது. மெல்ல நிமிர்ந்தது.

பிறகு முன்னறைத் தரையைத் தூக்கினோம். கிழிந்த மூட்டையிலிருந்து காப்பிக்கொட்டை சிதறி பம்பின் வாயை அடைத்திருந்தது. அதைச் சுற்றி சர்க்கரை, வெண்ணெய் டப்பா, சாராயப் புட்டி. ஒவ்வொருவனும் தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறான். ஐம்பது ஆட்கள், அரை டன் சாமான்!

வில்கென் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விடியலில் மூடுபனிக்குள் மேலே வந்தோம். எல்லாவற்றையும் கடலில் போடச் சொன்னார் பெரியவர். கைமாற்றிக் கைமாற்றிப் போட்டோம். எக்கெர்ட் கிழிந்த சாக்கை முகத்தில் ஒருதரம் வைத்து மோந்துவிட்டு எறிந்தான்.

கடைசியில் வில்கென் தன் மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மரக்கட்டை அடி வைத்த சிவப்பு ஷூ ஒரு ஜோடி, ஒரு சாண் நீளம்கூட இல்லை. அவர் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் சேர்கிறாள்.

"அது எந்த பம்பையும் அடைக்காதுங்க ஐயா. வச்சுக்கங்க" என்று எக்கெர்ட் கெஞ்சினான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும், வில்கென்" என்றார் பெரியவரும்.

"இதையும் நான் கணக்குல சேர்க்கல" என்றார் வில்கென். "என்ன கனத்துடப் போவுதுன்னுதான் நானும் நெனச்சேன்."

எறிந்தார்.

மரக்கட்டை அடி அல்லவா, மிதந்தன. இரண்டும் எங்கள் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஆடி ஆடி வந்தன. எங்கள் படகு அவற்றைக்கூட மூழ்கடிக்கவில்லை. பனி மறைக்கும்வரை வில்கென் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.