ஏழாம் மாடி யன்னல்

எட்டு மாடி கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு லிப்டை ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை. நகரத்தில் மூலைக்கொன்றாகக் கிடந்த அரசாங்கக் கந்தோர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, வாவிக்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். பென்சன் விசயமாக வருகிற வயசாளிகள் படியில் குந்திக் குந்தி ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் வாயைத் திறந்தால் நிஸ்றாவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் கந்தோர் ஏழாம் மாடியில். வாவியைப் பார்த்த யன்னல் அங்கே ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் கதிரைக்குப் பக்கத்தில். காத்தான்குடியிலிருந்து இருபத்தொரு வருடம் இந்த வேலைக்கு வந்துபோய் எனக்குக் கிடைத்த சீற் அது.

தனுஷியா கொக்கட்டிச்சோலைப் பிள்ளை. வயது இருபத்தாறு. புதிதாக வந்தவள் என்பதால் பைல் றாக்கைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்த மேசையைக் கொடுத்தார்கள். அவளோ வீட்டில் வேறு கதை அளந்திருந்தாள். யன்னலடியில்தான் தனக்குச் சீற் என்றும், அங்கிருந்து பார்த்தால் வாவிக்கு அந்தப் பக்கம் தங்கள் வயல் வட்டையே தெரியும் என்றும் சொல்லியிருந்தாள். அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி வயல் செய்கிறவர். அதைக் கேட்டதிலிருந்து கந்தோர் நாட்களில் பத்து மணிக்கு வரம்பில் ஏறி நின்று, குருவி விரட்டுகிற துணியைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே மகளுக்குப் போன் எடுப்பார். இவள் தேநீரையும் கையில் பிடித்தபடி ஓடி வந்து, என் தலைக்கு மேலால் யன்னலில் எட்டிப் பார்ப்பாள்.

"கண்டிட்டன் அப்பா! நீலச் சாரன்தானே?"

காலையில் அவர் உடுத்ததைப் பார்த்துவிட்டுத்தானே பஸ் ஏறுகிறாள். யன்னலில் தெரிவது தண்ணீரும் அதற்கப்பால் பச்சையாக ஒரு கோடும்தான். யானை நின்றாலும் தெரியாத தூரம்.

"பொய்க்காரி," என்பேன்.

"இரிக்கட்டும் நிஸ்றாக்கா, அவருக்கு அதுல ஒரு சந்தோசம்," என்பாள்.

போன வருடம் செப்டம்பரில் ஒரு நாள், அப்படி எட்டிப் பார்க்கும்போது கை தட்டுப்பட்டு, மூன்று நாள் மினக்கெட்டு நான் செய்த அறிக்கையில் தேநீர் முழுவதும் கொட்டிவிட்டது. எனக்குப் பேய் பிடித்ததுபோல் வந்தது.

"இது என்ட சீற். உன்ட அப்பாக்குக் கூத்துக் காட்டுற இடமில்ல. இனி இந்தப் பக்கம் வந்திராத!"

முழுக் கந்தோருக்கும் கேட்டது. அவள் மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு றாக்கைகளுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. "கண்டிட்டன் அப்பா!" எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். வா புள்ள, இங்க வந்து பாரு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு வீம்பு. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் போய்விட்டது.

நவம்பர் மழையோடு டெங்கு வந்தது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டவள், செவ்வாய்க்கிழமை இல்லாமல் போனாள். இருபத்தாறு வயது, யா அல்லாஹ்.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த பிறகு, அவளுடைய சாமான்களை எடுக்க அப்பா வருகிறார் என்று சொன்னார்கள். நான் அன்று வெள்ளென வந்து, அவளுடைய மேசை லாச்சியில் கிடந்த சீப்பு, பொட்டுப் பெட்டி, குடை, பாதி பிஸ்கட் பக்கற் எல்லாவற்றையும் என் லாச்சிக்கு மாற்றினேன். பெரிய உபகாரம் செய்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

லிப்ட் அன்றைக்கும் இல்லை. ஏழு மாடியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார் வினாயகமூர்த்தி. சாமான் போட்டுப்போக ஒரு பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் எழும்பி என் கதிரையைக் காட்டினேன்.

"இதுதான் ஐயா தனுஷியாட சீற். இந்த யன்னலாலதான் பாப்பாள்."

அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைத் தடவிவிட்டு யன்னலடிக்குப் போய்க் கனநேரம் வெளியே பார்த்தார்.

"ஒண்டும் தெரியல்ல," என்றார்.

"இண்டைக்குக் கொஞ்சம் மூட்டமா..."

"இல்ல மகள். தெரியாதெண்டு எனக்கு முந்தியே தெரியும். ஒரு நாள் மழை. நான் வட்டைக்குப் போகல்ல, வீட்டுக்குள்ள இருந்துதான் போன் எடுத்தன். அண்டைக்கும் கண்டிட்டன் அப்பா எண்டாள்." சிரித்தார். "கள்ளி. ஆனா அடுத்த நாளும் நான் போய் நிண்டன். இந்த நேரத்துக்கு என்ட பிள்ளை யன்னலடிக்கு வந்து, நல்ல காத்துல, எங்கட பக்கம் பாத்துக்கொண்டு நிப்பாள் எண்டு நினைச்சாலே எனக்குப் போதும்." என் பக்கம் திரும்பினார். "கடைசி வரைக்கும் இதிலதானே மகள் நிண்டவள்?"

ஓம் என்று சொன்னால் முடிந்தது. அவர் மனம் ஆறிப் போயிருப்பார். ஊரையே ஏசுகிற இந்த வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை.

"இல்ல ஐயா. இது என்ட சீற். இதில வந்து பாக்கிறவள்தான். நான்தான் ஏசிக் கலைச்சுப் போட்டன். பிறகு அவள் வரல்ல."

அவர் கோபப்படுவார் என்று நின்றேன். கோபப்படவில்லை.

"பிறகு எங்க நிண்டு கதைச்சவள்?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். றாக்கைகளுக்குப் பின்னால் அந்த இடுக்கில் அவர் தடுமாறி நின்றார். கை சுவரில் சுவிச்சைத் தேடியது.

"இதில லைட் இல்லியா மகள்?"

"அது எரியிறல்ல ஐயா. எழுதிக் குடுத்திருக்கம்."

அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"இந்த இருட்டுக்குள்ள நிண்டா என்ட பிள்ளை என்னோட சிரிச்சவள்?"

"ஓம் ஐயா," என்றேன். "ரெண்டு மாசம்."