குழிக்குப் போர்த்திய கம்பளம்

ஜிபார் வெந்நீரை ஊற்றி ஊற்றிச் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பண்ணை மாடுகள் போட்டதெல்லாம் கல்லாய் உறைந்து கிடந்தது. கரைத்ததை வாளி வாளியாகச் சாண எரிவாயுக் குழியின் வாயில் கொட்டியும் வாயு வரவில்லை. நாரின் என்ற அந்த மலையூரின் குளிர் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மற்ற வருஷமென்றால் கோடையிலேயே வறட்டி தட்டி அடுக்கியிருப்பாள். இந்த வருஷம் ஒரு கூடைச் சாணிகூட வெளியே போகக் கூடாது, பதிலுக்குக் கூலிக்காரர் அடுப்புக்கெல்லாம் குழாயில் வாயு வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. சின்ன மகள் பெர்மெத்துக்கு நெஞ்சுச் சளி வேறு. மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே இழுத்தது.

"வீட்டுல இருக்கற கம்பளத்தையெல்லாம் கொண்டாங்க," என்றார் மேஸ்திரி சாதிர். "குழி மேல போர்த்தணும். சூடு ஏறினாத்தான் வாயு வரும்."

"அண்ணே, எங்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. புள்ள அதுலதான் படுத்திருக்கா."

"வாயு வேணுமா, வேணாமா? அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத."

கொடுத்தாலும் பிள்ளைக்குக் குளிர். கொடுக்காவிட்டாலும் பிள்ளைக்குக் குளிர். பாவி மனசு எதைச் செய்யும்? மகளைத் தன் கோட்டில் சுற்றிவிட்டுக் கம்பளத்தை உருவிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே குழிக்கு உயிர் வந்துவிட்டது. ஆனாலும் ஜிபாரின் அடுப்பில் தீக்குச்சி மட்டும்தான் எரிந்து அணைந்தது. சாதிரிடம் ஓடினாள்.

"வர்றதே கொஞ்சம். செடி வளக்கற கண்ணாடி வீட்டுக்குத் திருப்பியாச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தக்காளி பிஞ்சு விட்டிருக்கு. குளிர் பட்டா அம்புட்டும் போச்சுன்னு முதலாளி சொல்றாரு."

"அப்ப எம்புள்ள?"

"நான் என்னம்மா பண்ண? நானும் கூலிக்காரன்தானே!"

உச்சி வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஜிபார் மகளைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போய்த் தன் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே மாட்டு வயிறுபோல் வெதுவெதுப்பு. பிள்ளையைக் குழியின் மூடிமேல், கம்பளத்துக்கு அடியில் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பெர்மெத்தின் இழுப்பு தணிந்து கண் மூடியது.

"அடிப்பாவி! தூக்கு புள்ளய!" சாதிர் ஓடிவந்தார். "காத்து உள்ள போகுது பாரு, மறுபடி குழி செத்துரும்!"

ஜிபார் தூக்கிக்கொண்டாள். பிள்ளை விழித்து இருமத் தொடங்கியது. சாதிர் பனியில் மண்டியிட்டு, கம்பளத்தின் ஓரத்தை ஓரிடம் விடாமல் இழுத்துச் செருகி, குளிர் புகாதபடி குழியை நன்றாகப் போர்த்திவிட்டார்.