மகன் விட்டுப்போன மரச்சிலந்தி

மகன் சாலை விபத்தில் போனபிறகு அவனுடைய அறைக்குள் போய்வந்தது அம்மா மட்டும்தான். அதுவும் ஒரு சிலந்திக்கு இரை போட.

சீருடை தைக்கும் கம்பெனியில் துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள் அவள். கரப்பானைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடிய கை, இப்போது கரப்பான் குஞ்சை இடுக்கியில் பிடித்துப் பதமாக நீட்டக் கற்றிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நூல்பந்து போன்ற வலையிலிருந்து இரண்டு கால்கள் மெல்ல வெளியே வரும். இரையைப் பற்றும். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால்தான் அவளுக்கு அன்றைய பொழுது ஓடும்.

முதல் நாள் அவன் அதைக் கொண்டுவந்தபோது நகத்தளவுதான் இருந்தது. மைத்துளி சிந்தினாற்போல் நல்ல நீலம். டரான்டுலா, உள்ளங்கை அகலம் வளரும் ரோமச் சிலந்தி என்று அவன் சொன்னதும் வீடு ரெண்டுபட்டது.

"ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ரெண்டு பேரும் இருங்கம்மா. வாடகை ஒண்ணுதானே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் விடவில்லை. "இது மரத்துல வாழுற ஜாதிம்மா. தரைக்கே வராது. வளர வளர நிறம் மாறும் பாரு. பச்சை, சிவப்பு, ஊதான்னு, பட்டுப்புடவை தோத்துடும்."

நிறம் மாறுவதற்குள் அவன் போய்விட்டான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அன்றிலிருந்து அந்தக் கதவுப் பக்கமே திரும்பாமல் குளியலறைக்குப் போய்வரப் பழகியிருந்தார். மகனுடைய சிநேகிதன் ஒருவன் இருந்தான்; கூரியர் வண்டி ஓட்டுபவன், ஆள் நெட்டை. 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் மகன் கூப்பிடுவான், வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது. இந்தச் சிலந்திப் பைத்தியத்தை மகனுக்கு ஏற்றிவிட்டவனே அவன்தான்.

"அவன்கிட்ட சொல்லிட்டேன், வந்து எடுத்துக்குவான்" என்றார் அப்பா ஒருநாள் சாப்பிடும்போது. "எதுக்கு அதை வச்சுக்கிட்டு?"

"என்னைக் கேட்டீங்களா?"

"நீதானே அதைப் பார்த்தாலே குமட்டுதுன்னு சொன்னே?"

"இப்பவும் குமட்டுது. ஆனா குடுக்க மாட்டேன்."

அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

சிலந்தி ஒவ்வொரு முறை தோல் உரித்தபோதும் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதுகில் பச்சை மின்னியது. வயிற்றில் சிவப்பு ஏறியது. ஒரு காலையில் விளக்கைப் போட்டவள், கால்களில் ஊதா ரோமம் ஒளிர்வதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். 'வந்துடுச்சுடா' என்று வாய்வரை வந்தது. சொல்ல ஆள் இல்லை. அன்று தைத்த சட்டைகளில் பாதியைச் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பினார்.

பெட்டி சிறியதாகிவிட்டது என்று அவள் சொன்னதும் ஒட்டடைக்குச்சி உயரமான புதுக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு பக்கமும் காற்றோட்டத்துக்குத் துளைகள், நடுவே நிமிர்த்திச் சாய்த்த மரப்பட்டை, பக்கவாட்டில் கதவு.

"இதுங்க உச்சியிலதான் வலை கட்டும்மா. பழைய பெட்டியோட மேல்மூடியை மட்டும் திறந்துடாதீங்க, வலை கிழிஞ்சு மிரண்டுடும். ஞாயித்துக்கிழமை நானே வந்து மாத்தித் தர்றேன்."

ஞாயிறு மதியம் ஆகியும் அவனைக் காணோம். பொறுக்கமாட்டாமல் அவள் மூடியைத் திறந்தாள். வலை சரக்கென்று கிழிந்தது. சிலந்தி ஒரே தாவாகத் தாவி அவள் முழங்கையில் விழுந்து, தோள் ஏறி, சுவருக்குப் போய், கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தது.

"என்னங்க! ஓடி வாங்க!"

அவர் ஓடிவந்து வாசற்படியில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"காணோம்ங்க. தம்பியோடது காணோம்" என்று அவள் குரல் உடைந்தது.

அவர் உள்ளே வந்தார். கட்டிலுக்கு அடியில் குனியப்போனவரை அவள் தடுத்தாள். "கீழ இருக்காது, மேல பாருங்க. அது ஏறுற ஜாதி." சுவரில் கொக்கி வரிசையில் மகனின் சட்டைகள் தொங்கின. அவர் ஒன்றை எடுத்து உதறப் போனார்.

"உதறாதீங்க! கீழ விழுந்தா வயிறு வெடிச்சுச் செத்துடும்."

அதன்பிறகு ஒவ்வொரு சட்டையையும், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்துக் கட்டிலில் கிடத்தினார். காலரைப் பார்த்தார், கைமடிப்பைப் பார்த்தார். கட்டம்போட்ட சட்டை ஒன்றில் கை நின்றுவிட்டது.

"இது என்னோட சட்டைடி."

"உங்களோடதா?"

"எத்தனை நாள் தேடினேன். எடுக்கவே இல்லைன்னு தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணான், திருட்டுப்பய." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனுஷன் அந்தச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விம்மினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இருவரும் சிலந்தியை மறந்தே போனார்கள்.

அதைக் கண்டுபிடித்தது, தாமதமாக வந்துசேர்ந்த ஒட்டடைக்குச்சிதான். கதவுக்குப் பின்னால் தொங்கிய மகனின் மழைக்கோட்டின் கைக்குள் சுருண்டிருந்தது. தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டிப் புதுப் பெட்டிக்குள் ஏற்றினான். ஏற்றியவன் முகம் மாறிப்போயிற்று.

"என்னடா?"

"இது ஆண்மா. முன்னாடி இருக்கிற சின்னக் கை ரெண்டும் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உப்பியிருக்கு பாருங்க. முழுசா வளர்ந்துடுச்சு. பொண்ணா இருந்தா பல வருஷம் இருக்கும். ஆண் இதுக்கப்புறம் சில மாசம்தான்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. சிலந்தி இரையைத் தொடவில்லை. கட்டிய வலையை விட்டுவிட்டு நாளெல்லாம் கண்ணாடியில் ஏறி இறங்கித் தவித்தது. இப்போது அப்பாவும் வேலை முடிந்து வந்ததும் பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். "இன்னிக்கும் சாப்பிடலையா?" என்று கேட்பார். அவள் தலையாட்டுவாள்.

"அது தேடுறது பொண்ணைம்மா" என்றான் ஒட்டடைக்குச்சி. "என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா சில நேரம் அது ஆணைத் தின்னுடும். உங்க இஷ்டம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்தபடியே, "அனுப்பிடலாம். அடைச்சு வச்சு என்ன பண்ணப்போறோம்?" என்றார்.

அடுத்த வாரம் ஒட்டடைக்குச்சி வெறும் பெட்டியோடு வாசலில் நின்றான். வண்டியிலிருந்து இறங்கும்போதே கண் கலங்கியிருந்தது.

"சேர்ந்த கையோட தின்னுடுச்சும்மா. பக்கத்துலயேதான் நின்னேன். பிரிச்சு விடறதுக்குள்ள..."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"போகட்டும்டா. இதாவது வளர்ந்து ஆளாகிப் போச்சே."

அவன் தேம்பினான். "முட்டை வச்சுதுன்னா குஞ்சு கொண்டுவந்து தர்றேன்மா. அதே நீலமா இருக்கும்."

"வேண்டாம்ப்பா" என்றாள். "இன்னொண்ணு போறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ மட்டும் வந்து போ. உள்ள வா, சாப்பிட்டுப் போகலாம்."

அப்பா ஏற்கனவே மூன்றாவது தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.