நடு அடுக்கில் எட்டு எண்கள்

எட்மண்ட் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அதை யாராவது மறந்தால் அவரே ஞாபகப்படுத்திவிடுவார். 1989இல் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு ரேடியோ தொழிற்சாலையில், சர்க்கிட் பலகையின் படத்தைப் பார்த்து நல்லது, கெட்டது சொல்ல ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தார். நரம்பு வலைப்பின்னலாம்: படம் எண்களாக உள்ளே போய், நடு அடுக்கு ஒன்றைக் கடந்து விடையாக வெளியே வருமாம்.

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரி!" என்று மேனேஜர் கோவிந்தசாமியிடம் மார்தட்டினார்.

பிரிஜட்டுக்குச் சிரிப்பு வந்தது. அதே தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாகப் பூதக்கண்ணாடி வழியே பலகைகளின் ஈயப்பற்று, அதாவது சால்டர், சரியா என்று பார்த்தவள். மாலையில் புரோகிராமிங் வகுப்புக்கும் போகிறவள். தொழிற்சாலையில் வரும் நூறு பலகையில் தொண்ணூற்றாறு எப்படியும் நல்லதுதான். கண்ணை மூடிக்கொண்டு 'நல்லது' என்றே சொன்னாலும் அதே மார்க்.

"சார், நடு அடுக்குல என்ன வருதுன்னு பார்த்தீங்களா?"

"அது உள்ளுக்குள்ள யோசிக்கிற இடம், பிரிஜட். வெளிய எடுக்க முடியாது லா."

முடியாதாம்! கணக்குப் போட்டுத்தானே அது கடைசி விடைக்குப் போகிறது. நடுவில் வரும் எண்களை அச்சடிக்க ஒரு வரி போதும். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, எட்மண்ட் சாப்பிடப் போயிருந்தபோது அந்த வரியைச் சேர்த்தாள்.

நல்ல பலகைக்கு எட்டு எண்கள் வந்தன: எல்லாம் ஒன்று அல்லது பூஜ்யம். பற்று விட்டுப்போன பலகைக்கும் அதே எட்டு. தன் கைக்குட்டையைக் கேமராவுக்கு அடியில் விரித்தாள். அதே எட்டு. 'நல்லது' என்றது கம்ப்யூட்டர்.

அச்சடித்த தாளை மேனேஜர் இரண்டு தரம் படித்தார். "எட்மண்ட், உங்க மெஷின் கைக்குட்டைய ரேடியோவுல வைக்கச் சொல்லுதே?"

"சாம்பிள் பத்தல சார்."

"சாம்பிள் இருக்கு சார்," என்றாள் பிரிஜட். "கேமரா தர்ற எண் இருநூத்தம்பத்தஞ்சு வரைக்கும் போகுது. அதை அப்படியே கொட்டியிருக்காரு. நடு அடுக்கு முழுக்க உச்சியிலயோ அடியிலயோ முட்டி நின்னுடுச்சு. எதைக் காட்டினாலும் அசையாது. பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும்னு சுருக்கிக் கொடுத்து மறுபடி பழக்கணும்."

எட்மண்ட் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மறு மாதம் அவரை விற்பனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பேச்சுக்கு அங்கே நல்ல மரியாதை. பிரிஜட் பதினொரு நாள் பழக்கினாள். இப்போது நடு எண்கள் பலகைக்குப் பலகை மாறின. பத்துக் கெட்டதில் ஏழு பிடிபட்டது. 'மூன்று தப்பியது' என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினாள்.