என் குரைகளோடு

அச்சகத்தில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; சொல்லிவிட்டு வேறு வேலை தேட யாருக்கும் தெம்பில்லை. இருபத்திரண்டு வருடமாக அங்கே பிழை திருத்துகிறாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓர் எழுத்துகூடத் தப்பி வெளியே போனதில்லை. அதை அவளே வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிக்காட்டுவாள்.

குரல்தான் கொஞ்சம் பெரிசு. ஒரு கால்புள்ளி இடம் மாறியதற்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கியிருக்கிறார். போன மாதம் ரத்த அழுத்தம் எகிறியது. மருத்துவர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்து, பத்து நிமிடம் மூச்சை இழுத்து விட வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் மனதுக்குள் ஒரு வரி சொல்ல வேண்டும்: 'என் குறைகளோடு என்னை ஏற்றுக்கொள்கிறேன்.'

"எனக்கு என்ன குறை?" என்று மருத்துவரையே கேட்டுவிட்டாள். கூட வந்திருந்த கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லை. முதல் வாரம் பெரும்பாடு. கண்ணை மூடினால், எதிர்ச் சுவர் நாள்காட்டியில் விட்டுப்போன 'க்' வந்து நின்று கையை ஆட்டும். ஐந்தாம் நாள் பாதி மூச்சில் எழுந்துபோய் அதை எழுதிவிட்டு வந்து மீதி மூச்சை விட்டாள். இரண்டாம் வாரம் வரி நாக்கில் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் தோள்கள் இறங்கின. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிற கணவர், வீட்டில் ஏதோ காணோமே என்று இரண்டு நாள் யோசித்து, அது சத்தம்தான் என்று கண்டுபிடித்தார்.

அந்த வாரம்தான் ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பின் துண்டறிக்கை அச்சுக்கு வந்தது. அதே பயிற்சி, அதே வரி. நமக்குத் தெரிந்த சமாசாரமாச்சே என்று அவளுக்கு ஏகப் பெருமை. மனப்பாடமான வரியைக் கண் படிக்காது, மனம் தானாகச் சொல்லிக்கொண்டு போய்விடும், அதனால் எழுத்தெழுத்தாகப் பாருங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளே அவள்தான். ஒரே மூச்சில் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அச்சாகி வந்ததில் தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அதை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எல்லாம் முடித்து, அமைதியாகக் கண்ணைத் திறந்தாள். 'என் குரைகளோடு என்னை ஏற்றுக்கொள்கிறேன்' என்றது துண்டறிக்கை.

அவள் அலறிய அலறலில் கணவர் வாயில் பற்பசையோடு ஓடிவந்தார். தாளைக் கிட்டே பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் நாய் குரைக்கிற 'ர' கண்ணில் பட்டது.

"இதுல தப்பு எங்க இருக்கு? உனக்குன்னே அளவெடுத்து அடிச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குன்னு இருந்தது தப்பே விடாதவங்கிற இந்த ஒரு பேருதான். அதுவும் போச்சு" என்றாள்.

வகுப்பு எட்டு மணிக்கு. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கூடத்தில் நாற்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டறிக்கை மடியில். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்து முதல் மடியில் குனிந்தாள். ர-வை அடித்து ற போட்டாள். அடுத்த மடி. அதற்கடுத்த மடி. ஏழாவது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. பேனா முனை தாளைத் தாண்டித் தொடையில் குத்தியது. மனிதர் துள்ளி எழுந்தார். கூடமே கண் திறந்தது.

என்ன செய்கிறீர்கள் என்று பயிற்சி ஆசிரியை மெதுவாகக் கேட்டாள். இந்த இடத்தில் அச்சு இயந்திரத்தின் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். அவளுக்கு அது வராது.

"இதத் திருத்தினது நான்தான். ஒரு எழுத்து தப்பு விட்டுட்டேன்" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. குரல்கூடச் சின்னதாகத்தான் வந்தது.

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் கிளம்பிய சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. தபால்காரர் தன் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"என்னோடத விட்டுருங்கம்மா. முப்பது வருஷம் தெருத்தெருவா நாய் என்னப் பாத்துக் குரைச்சுச்சு. வீட்டுக்கு வந்து நான் குரைச்சேன். எனக்கு இதான் சரி."

பின்வரிசையில் பலர் சத்தமில்லாமல் தாளை மடித்துப் பைக்குள் ஒளித்தார்கள். ஏற்கெனவே திருத்தம் வாங்கிய ஒரு பெண், தனக்குப் பழையதே வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள்.

ஆசிரியை ஒரு காலி நாற்காலியைக் காட்டினாள். அவள் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் வாய்விட்டு அந்த வரியைச் சொன்னார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். யார் வாயில் ர, யார் வாயில் ற என்று பிரிக்கவே முடியவில்லை. தாளில்தான் அந்த வித்தியாசம். நாக்குகளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவளும் சொன்னாள். தான் எதைச் சொன்னோம் என்று சரிபார்க்கவில்லை. மனசு லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தன் தாளை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மாலையில் கடையிலிருந்து திரும்பிய கணவர், காலையில் விட்ட வார்த்தைக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்.

"கைய எடுங்க. அது என்னோடது" என்று சமையலறையிலிருந்து குரைத்தாள்.