மஞ்சக்கொக்கி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று பட்டறையில் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருஷம் லேத் ஓட்டியவன். ஒரு நூல் பிசகினாலும் அந்த உருப்படியைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கிறுக்கை அப்படியே மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன்.

மாடியில் பதினாலு வகை மிளகாய். பழைய பெயிண்ட் டப்பாக்களில் குண்டு, ஊசி, ஊதா, நாக்கைப் பொசுக்கும் சுருங்கல் என்று வரிசையாக நிற்கும். அதில் ஒன்று மட்டும் நானே உண்டாக்கியது. மஞ்சளாகப் பழுத்து, நுனியில் கொக்கி மாதிரி வளையும். ஆறு வருஷம் நல்ல காயாகப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்து அதை நிலைநிறுத்தினேன். மஞ்சக்கொக்கி என்று பெயரும் வைத்தேன். மிளகாய் வளர்ப்பவர்களின் போன் குழுவில் இருபது பேர் அதன் விதைக்குக் காத்திருந்தார்கள்.

பக்கத்துச் செடியின் மகரந்தம் ஒட்டினால் வகை கெட்டுவிடும். அதனால் மொட்டு விரியும் முன்பே கொசுவலைத் துணியில் தைத்த சின்னப் பையை மாட்டிவிடுவேன். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த முதல் வாரமே சொன்னேன்: "மாடியில எத வேணா தொடும்மா. அந்தப் பைய மட்டும் தொடாத."

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். மூட்டுவலியில் நான் பத்து நாள் படுத்தபோது, தினமும் இரண்டு வாளித் தண்ணீரை அவள்தான் மாடிக்குச் சுமந்தாள். பதினோராம் நாள் நொண்டிக்கொண்டு ஏறிப் பார்த்தால், பைகள் எல்லாம் துவைத்துக் கொடியில் காய்கின்றன!

"ஒரே அழுக்கா இருந்துச்சு மாமா, அதான்..." என்றாள்.

அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பைகளைத் திரும்ப மாட்டினேன். இரண்டு மாதத்தில் காய்கள் பழுத்தன. நாலு மஞ்சக்கொக்கிச் செடியில் மூன்றில் காய் நேராக நீண்டு, சிவப்பாகப் பழுத்திருந்தது. ஐயோ, ஆறு வருஷம்! காயைப் பறித்துக்கொண்டு கீழே இறங்கி, மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதோடு விட்டேனா? "தாயில்லாம வளர்ந்தவதானே நீ. பெரியவங்க சொன்னா கேக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்திருப்பா?" என்றேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "போதும்ப்பா" என்றான். அடுத்த வாரமே தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார்கள். நான் தடுக்கவில்லை. போனால் போகட்டும், செடிகளுக்காவது நிம்மதி என்று மாடியில் போய் நின்றுகொண்டேன்.

குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதில் இருக்கும் மருந்துக்கடைக்காரருக்கு போன் போட்டு, மருமகள் கெடுத்த கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என்ன சார், விளையாடுறீங்களா? இந்த வருஷம் பூவுல கலந்தா இந்தக் காய் எப்படி மாறும்? உள்ள இருக்கிற விதைதான் மாறும். அதப் போட்டு அடுத்து வர்ற செடியிலதானே தெரியும்? எங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்! இது போன வருஷக் கூத்து சார்."

போன வருஷம் அவள் இந்த வீட்டுப் படியே ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவைப் படம் எடுத்துக் குழுவில் பீற்றிக்கொள்ள, பைகளைக் கழற்றியவன் நான். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். பதில் எழுதி, பதில் எழுதி, மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் திரும்ப மாட்டினேன். தேனீக்களுக்கு அது போதாதா? எனக்குத் தெரியாத சங்கதியா இது? துவைத்த பைகளைப் பார்த்த அன்றே அவள்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் யோசிக்கவே இல்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். எதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"மொளகா கெட்டதுல உன் மேல தப்பே இல்லம்மா. எல்லாம் நான் போன வருஷம் பண்ணின வேலை. ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துடுங்க."

துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அது நான் இல்லைன்னு தெரிஞ்சதும் வந்துட்டீங்க. நானா இருந்திருந்தா?"

"என்னம்மா?"

"நான்தான் கெடுத்திருந்தேன்னு வைங்க. எனக்கு அம்மா இல்லாதத அப்படிச் சொல்லிக் காட்டினது சரின்னு ஆயிடுமா மாமா?"

வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சில் பை இருந்தது, தேனீ இருந்தது, விதை இருந்தது. அந்த வார்த்தையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"தண்ணியக் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். குடித்தேன்.

"அவரு வர ஏழு மணி ஆகும்."

டம்ளரை வாங்கிக்கொண்டு கதவருகில் போய் நின்றாள். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.