பெட்டிக்கு வராத நாற்பது கதைகள்

தம்பிக்கு வீட்டில் 'இன்ஜினியர்' என்று பட்டப்பெயர். படித்தது என்னவோ வரலாறு. ஆனால் வீட்டுக் கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, எல்லாக் கணினிகளின் கோப்புகளையும் வைஃபை வழியாகச் சேமிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி அலமாரி மேல் வைத்து, "இனிமே எதுவும் தொலையாதுக்கா" என்று மார்தட்டியவன் அவன்தான்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் தம்பியின் லேப்டாப் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, கைக்குழந்தை மகளுக்காக நாற்பது கதைகளைச் சொல்லிப் பதிந்தாள்.

"அவ வளர்ந்ததும் கேக்கட்டும்டா. பத்திரமா வை."

வைத்தான். பெட்டிக்கு நகலெடுத்தான். பிறகு லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புது லினக்ஸ் ஏற்றினான்.

ஆபரேஷன் முடிந்து அக்காவுக்குக் குரலும் போய்விட்டது. இன்று காலை அவள் கணினியில் பெட்டியை இணைத்தான். குடும்பப் படங்கள் வந்தன, வீட்டுப் பத்திரம் வந்தது. கதைகள் வரவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா, பாஸ்வேர்டு மக்கர் பண்ணுது."

பொய். லினக்ஸில் வெறும் ஃபோல்டர் ஒன்றை வைத்து, அதன்மேல்தான் பெட்டியை இணைக்க வேண்டும். இணைப்பு விட்டுப்போனாலும் அந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கும். போட்டதையெல்லாம் லேப்டாப்பிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும், மூச்சு விடாது. பெட்டியின் இணைப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தான். நகலெடுத்த அன்று அதில் எந்தக் கணினியும் இணைந்திருக்கவில்லை. ரூட்டர் மாற்றிய வாரம் அது. பெட்டியை மறுபடி இணைக்க மறந்திருக்கிறான். பாவி, கதைகள் லேப்டாப்பில்தான் இருந்தன. அதைத் துடைத்தவனும் அவனேதான்.

அக்கா பக்கத்திலேயே மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது?

"போயிடுச்சுக்கா. நான்தான் அழிச்சுட்டேன். திரும்ப எடுக்க முடியாது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் குழந்தை சிணுங்கி அடங்கியது. அப்புறம் பேனாவை எடுத்து எழுதி, நோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

'நீயாவது ஒண்ணு கேட்டிருப்பியே. நல்லா சொல்லியிருந்தேனாடா?'

எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று எண்ணிக்கை பார்த்தவன், ஒன்றையும் போட்டுக் கேட்கவில்லை. பெட்டியில்தான் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்துவிட்டான்.

கேட்கவில்லை என்று தலையாட்டினான்.